யாருக்காகச் செய்தீர்கள்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும் நாட்களில், தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் கல்லூரிகளில் பொழுது சாய்ந்த பிறகும் பணிமனை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும். இன்னொரு பக்கம் ஒரு மாணவி மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் ஓடிய மோட்டார் இப்போது ஏன் ஓட மறுக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துக்கொண்டிருப்பாள். அறிவிப்புப் பலகையில் வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி ஒட்டியாகிவிட்டது. ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். கைடு கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, யார் வரப்போகிறார் என்பதுதான் கேன்டீன் முழுக்கப் பேச்சு. ஆம், இது இறுதியாண்டு புராஜெக்ட் பருவம்.

பொறியியல் கல்லூரி மாணவர்களின் கண்டுபிடிப்புகளைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது படம் போட்டுச் செய்தி வருகிறது. டிப்ளமோ மாணவர்களுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் அந்த இடம் கிடைப்பது அரிது. நம் ஊர்ப் பட்டறைகளையும் ஆலைகளையும் மின்வாரியத்தையும் கட்டடத் தளங்களையும் நாளைக்குத் தாங்கப்போகிறவர்களோ அவர்கள்தாம். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவர்களுக்கு. அவர்களைவிடவும், அவர்களுக்கு ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருக்கும் உங்களுக்கு.

பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஒரு தொழிலைக் கற்று மூன்றே ஆண்டில் சம்பாதிக்க வேண்டிய குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் ஏராளம். பிளஸ் டூ முடித்தும், ஐ.டி.ஐ. முடித்தும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைகள் பலர். உறவுக்காரர்கள் கேட்டால், ‘மார்க் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு, அதான் பாலிடெக்னிக்ல போட்டிருக்கோம்’ என்று பெற்றவர்களே தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆறு செமஸ்டர்களின் முடிவில், நாலைந்து பேர் சேர்ந்த ஒரு குழுவாக, இவர்கள் கையில் ஒரு பெரிய பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது: நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நீங்களே வரையுங்கள், நீங்களே செய்து காட்டுங்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன் அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் மாணவனுக்கு ‘ஜாப்’ கொடுப்பார்கள். வரைபடம் வந்துவிடும். அளவும், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதும் அதிலேயே இருக்கும். ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, இன்னொரு துண்டின் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் உட்கார வைக்க வேண்டும். அது கைக்குப் பயிற்சி. டிப்ளமோ ஆய்வகச் சோதனையும் அப்படித்தான். என்ன விடை வர வேண்டும் என்பது ரெக்கார்டு நோட்டில் முன்பே இருக்கும். கிடைத்த விடை அதற்கு எவ்வளவு பக்கம் என்பதே கேள்வி. இரண்டும் இல்லாமல் எந்தத் தொழிலும் கைவராது. ஆனால் வேலைக்குப் போன பிறகு யாரும் விடையோடு வந்து நிற்பதில்லை. ‘பம்பு தண்ணீர் இழுக்கவில்லை’, ‘இந்தப் பாகம் மாதத்துக்கு ஒருமுறை உடைகிறது’ என்று பிரச்சினையோடுதான் வருவார்கள். வரைபடம் இல்லாத இடத்தில் வரைபடத்தை உண்டாக்குவதற்கான முதல் பயிற்சி, இந்த இறுதியாண்டு புராஜெக்ட்.

தமிழ்நாட்டில் இந்த வகைக் கல்வி நேற்று முளைத்ததல்ல. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய பாலிடெக்னிக் கல்லூரியின் வேர், 1916-இல் தொடங்கிய மெட்ராஸ் டிரேட்ஸ் ஸ்கூலில் இருக்கிறது. அதே தரமணி வட்டாரத்திலேயே தோல் தொழில்நுட்பம், அச்சுத் தொழில்நுட்பம், நெசவுத் தொழில்நுட்பம், வேதித் தொழில்நுட்பம் என்று தனித்தனி நிறுவனங்கள் வளர்ந்தன. நம் மண்ணில் என்னென்ன தொழில் நடந்ததோ, அதற்கெல்லாம் ஒரு படிப்பு வேண்டும் என்று முன்னோர் நினைத்திருக்கிறார்கள். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது.

கோவையில் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் கதை தெரியாதவர்கள் குறைவு. கலங்கல் கிராமத்தில் ஓர் அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதே மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிப் பழகினார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அந்தப் பாடத்தை வைக்கவில்லை. பிற்காலத்தில் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக அவரே காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். பொறியியலை இத்தனை ஆண்டு ஏட்டில் படிக்க வேண்டியதில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தால் குறைந்த காலமே போதும் என்பது அவர் கட்சி. கால அளவைப் பற்றி மாற்றுக்கருத்து இருக்கலாம். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் இருக்க முடியாது.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டில், மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் உயர் பொறுப்பு வகித்தவர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். கல்வியும் உழைப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் அறிக்கைக்கு அடிநாதம். அண்மைக் காலத்தில் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபோ, சி.என்.சி. போன்ற நவீன இயந்திரங்களோடு தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் நடக்கிறது. இயந்திரங்கள் வந்துவிட்டன, மகிழ்ச்சி. அந்த இயந்திரங்களைக் கொண்டு யாருடைய பிரச்சினையைத் தீர்ப்பது என்று மாணவன் கேட்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்த இயந்திரமும் தராது. புராஜெக்ட் தரும், அதை நேர்மையாகச் செய்தால்.

‘நேர்மையாக’ என்று எழுதும்போது மனம் கனக்கிறது. காரணம் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். பெரிய ஊர்களில் ‘புராஜெக்ட் சென்டர்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். தலைப்புகளின் பட்டியல் இருக்கும். விலை இருக்கும். பணம் கட்டினால் ஓடுகிற மாடல் ஒன்று, அச்சடித்த ரிப்போர்ட் ஒன்று, வைவாவில் என்ன கேட்பார்கள் என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சி அரை நாள். ஒரே மாடல் ஒரே ஆண்டில் மூன்று கல்லூரிகளின் மேசையில் உட்கார்ந்திருக்கும், அட்டையில் பெயர் மட்டும் மாறி. அந்தப் பணத்தைக் கொடுத்த அப்பா பல நேரம் தினக்கூலிக்காரர். ‘மார்க்குக்கு வேணும்பா’ என்று பிள்ளை கேட்டது. கடன் வாங்கிக் கொடுத்தார்.

இதற்காகப் பிள்ளைகளை மட்டும் திட்டுவது நியாயமாகாது. நாற்பது, ஐம்பது பேரை ஓர் ஆசிரியரிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கடைசி செமஸ்டரில் பாடத் தேர்வும் இருக்கிறது, நிறுவனங்கள் ஆள் எடுக்கும் வளாகத் தேர்வும் இருக்கிறது, நடுவில் புராஜெக்ட். பொருள் வாங்கக் கையில் காசில்லை. லேத்தில் வேலை செய்ய முறை வருவதற்குள் வாரம் ஓடிவிடுகிறது. இவ்வளவுக்கும் மேலாக, ஓடாத மாடலுக்கு மார்க் இல்லை என்ற பயம். தானே செய்து பாதி ஓடுகிற ஒன்றைவிட, வாங்கி வந்து முழுதாக ஓடுகிற ஒன்றுக்கு அதிக மார்க் விழும் என்று ஒரு மாணவன் கண்ணால் பார்த்துவிட்டால், அவனுக்கு நாம் சொல்லும் அறிவுரை எதுவும் ஏறாது. நாம் பாராட்டுகிற விஷயமே தவறாக இருக்கிறது.

இதில் அவர்கள் இழப்பது என்ன? வேலைக்கான நேர்காணலில் டிப்ளமோ மாணவனிடம் கேட்கப்படும் முதல் சில கேள்விகளில் ஒன்று, ‘உன் புராஜெக்ட் என்ன?’ என்பது. அதற்கு அடுத்த கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ‘இந்த மோட்டாரை ஏன் எடுத்தாய்?’ ‘இந்த இடத்தில் ஏன் பேரிங் போட்டாய், புஷ் போட்டிருக்கக் கூடாதா?’ தானே செய்தவன் யோசிக்காமல் சொல்வான், ஏனென்றால் முதலில் புஷ் போட்டு அது தேய்ந்து போனது அவனுக்குத் தெரியும். வாங்கியவன் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பார்ப்பான். பட்டறை நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிய ஒரு நிமிடம் போதும்.

சரி, நல்ல புராஜெக்ட் எப்படி இருக்கும்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

விழுப்புரம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் ஆண்டுக் கண்காட்சி. மெக்கானிக்கல் மாணவர்கள் நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், மல்லாட்டை உடைக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். நிலக்கடலையைத் தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அரைவட்டமாக வளைத்த கம்பிச் சல்லடை. அதன்மேல் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கட்டை. தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. பக்கத்து மேசைகளில் விளக்கு மின்னும் மாடல்கள் இருந்ததால் கூட்டம் அங்கேதான் நின்றது.

மல்லாட்டை உடைக்கும் இயந்திரம் சந்தையில் இல்லாமல் இல்லை. எண்ணெய்க்குப் போகிற கடலையென்றால் பருப்பு இரண்டாகப் பிளந்தாலும் கவலையில்லை. விதைக்கடலையின் கதை வேறு. பருப்பு பிளந்தாலும் முளைக்காது, மேலே இருக்கும் சிவப்புத் தோல் உரசி உரிந்தாலும் முளைப்பு குறையும். அதனால் விதைக்கு வேண்டியதை இன்னமும் பல ஊர்களில் பெண்கள் கையால்தான் உடைக்கிறார்கள். விதைப்புக்குச் சில நாள் முன்னால் உடைக்க வேண்டும், முன்கூட்டியே உடைத்து வைக்கவும் கூடாது. அந்த நாட்களில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புண்ணாகிப் போகும். அந்த மாணவிகளில் ஒருத்தியின் அம்மா அந்த வேலைக்குப் போகிறவர். புராஜெக்டின் தொடக்கம் அந்த விரல்களில் இருந்தது.

முதலில் சல்லடைமேல் இரும்புக் கட்டையை ஓட விட்டார்களாம். ஓடு உடைந்தது, பருப்பும் பிளந்தது. கட்டைக்கும் சல்லடைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள். பருப்பு தப்பியது, சிறிய காய்கள் உடையாமலே கீழே விழுந்தன. இரண்டுக்கும் நடுவே எந்த அளவு வைத்தாலும் ஏதாவது ஒன்று கெட்டது. அப்போதுதான் கோளாறு இடைவெளியில் மட்டும் இல்லை, காய்கள் எல்லாம் ஒரே பருமனில் இல்லாததிலும் இருக்கிறது என்று கண்டார்கள். காயை முதலில் சலித்துப் பெரிது சிறிது பிரித்தார்கள். இரண்டு சல்லடைகள் செய்து, மாற்றிப் போடும்படி வைத்தார்கள். இரும்புக் கட்டையின் அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒட்டினார்கள். பிளவு குறைந்தது.

பிறகு கருவியை ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கேதான் அவர்களுக்கு உண்மையான எக்ஸ்டர்னல் கிடைத்தார். மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா பொழுதுக்கும் நின்னுக்கிட்டே தள்ள முடியுமா? நாங்க ஒக்காந்து செய்யறவங்க’ என்றாராம். திரும்பி வந்து கருவியின் கால்களை அறுத்து உயரத்தைக் குறைத்தார்கள். கைப்பிடியின் நீளத்தை மாற்றினார்கள். உட்கார்ந்து தள்ளும்போது எவ்வளவு பலம் கொடுக்க முடியும் என்று மறுபடி கணக்குப் போட்டார்கள். இந்தக் கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

என்னை நிறுத்தி வைத்தது அவர்களுடைய அட்டவணை. கருவியில் உடைத்த விதைகளையும் கையால் உடைத்த விதைகளையும் எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்த்திருக்கிறார்கள். கருவியில் உடைத்ததில் முளைப்பு சற்றுக் குறைவு. அதை அப்படியே சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ‘இதை ஏன் எழுதினீங்க? மார்க் குறையாதா?’ என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: ‘சார், இதை நம்பி ஒருத்தர் விதைப்பாங்க இல்ல?’

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்றாண்டுப் படிப்பு. தான் செய்ததை நம்பி இன்னொருவர் ஒரு பட்டத்துச் சாகுபடியையே பணயம் வைப்பார் என்ற எண்ணம் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வந்துவிட்டால் அவள் தொழில்நுட்பர் ஆகிவிட்டாள். சான்றிதழ் பிறகு வரட்டும். மின்னும் விளக்குகளுக்கு நடுவே அந்த மேசையில் நான் கண்டது இதுதான்: புராஜெக்டுக்கு உயிர் கொடுப்பது அதற்காகக் காத்திருக்கும் ஒரு மனிதர். யாரும் காத்திருக்காத புராஜெக்ட் எவ்வளவு அழகாக ஓடினாலும், வைவா முடிந்த மாலையில் படிக்கட்டுக்கு அடியில் போய்ச் சேரும்.

நம் வீட்டு வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் கோவையில் பி. சபாபதி மோட்டார் வைத்த மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். ஆட்டுக்கல்லின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்களும், ஓட்டலில் விடியுமுன் மாவாட்டிய ஆட்களும் அதற்காகக் காத்திருந்தார்கள். பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக அதைத் திருத்திக்கொண்டே போனார்கள். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோவையின் தொழில் வளர்ச்சியில் இப்படி எத்தனையோ பொருள்கள், யாரோ ஒருவரின் கைவலியைப் பார்த்துச் செய்யப்பட்டவை.

வெளிநாடுகளிலும் நல்ல தொழிற்கல்வி இந்த இடத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஜெர்மனியில் தச்சுத் தொழில் பயிலும் இளைஞர் மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில், ‘கெசெல்லன்ஸ்டுக்’ எனப்படும் தன் தேர்வுப் பொருளைத் தானே வடிவமைத்துச் செய்து வைக்க வேண்டும். ஒரு மேசையாக இருக்கலாம், அலமாரியாக இருக்கலாம். முதலில் வரைபடம் தேர்வுக் குழுவிடம் போகும். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே மரத்தில் கை வைக்கலாம். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்த பொருள்களை ஊரார் பார்வைக்கு வைப்பார்கள். பெற்றோரும் வாடிக்கையாளர்களும் வந்து இழுப்பறையை இழுத்துப் பார்ப்பார்கள். சிறந்த வடிவங்களுக்கு நாடு தழுவிய போட்டியே நடக்கிறது. அமெரிக்காவில் தொழிற்கல்வி மாணவர்களின் இறுதிப் பணியை ‘கேப்ஸ்டோன்’ என்கிறார்கள். அங்கே பல ஊர்களில் கட்டுமானத் தொழில் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு முழு வீட்டையே கட்டி முடிக்கிறார்கள். அது விற்கப்படுகிறது. அந்தப் பணத்தில் அடுத்த ஆண்டு மாணவர்கள் அடுத்த வீட்டைத் தொடங்குகிறார்கள். ஒரு குடும்பம் குடிவரப் போகும் வீட்டில் யாரும் சுவரைக் கோணலாக எழுப்ப மாட்டார்கள்.

நாமும் இதைச் செய்ய முடியும். கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். ஒவ்வொரு துறைக்கும் வேலை ஊருக்குள்ளேயே கிடக்கிறது.

சிவில் மாணவர்களைப் பாருங்கள். ஆட்டோ லெவலும் டோட்டல் ஸ்டேஷனும் வைத்து மட்டம் எடுக்கக் கற்றவர்கள். கல்லூரி மைதானத்தை ஆண்டுதோறும் அளந்துகொண்டிருப்பதற்குப் பதில் பக்கத்து ஊர் ஏரியை அளக்கட்டும். கரை எங்கே தாழ்ந்திருக்கிறது, மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது, கலிங்கு வழியாகத் தண்ணீர் போகிற பாதை எங்கே தூர்ந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு ஊராட்சியிடம் கொடுக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் அந்தத் தாள் தலைவர் மேசையில் இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி! மின் துறை மாணவர்கள் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். தேய்ந்த ஒயரையும் ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டையும் பட்டியலிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் மாணவர்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தேடக்கூடிய வடிவில் செய்து தரலாம். நெசவு படிக்கிறவர்கள் ஒரு தறிக்காரரோடு ஒரு வாரம் உட்கார்ந்தாலே பத்து புராஜெக்ட்களுக்கான விஷயம் கிடைக்கும்.

மாணவர்களே, உங்களிடம் சில வார்த்தைகள். ஆறாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு தலைப்புத் தேடாதீர்கள். ஐந்தாம் செமஸ்டரிலேயே ஓர் ஆளைத் தேடுங்கள். அந்த ஆளுக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்பி மட்டும் வராதீர்கள், வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பலருக்குத் தம் கஷ்டம் பழகிப்போய், அதைக் கஷ்டமென்றே சொல்லத் தெரியாது. அளவெடுங்கள். வரைந்ததை அவரிடமே காட்டுங்கள். முதலில் அட்டையிலோ மரத்திலோ செய்து பாருங்கள், இரும்பை வெட்டுவது பிறகு. பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற பொருளை வைத்துச் செய்ய முடியுமா என்று பாருங்கள், உங்கள் பயனாளியும் அங்கேதான் உதிரிபாகம் வாங்கப்போகிறார். ஒரு நோட்டுப் போட்டு, என்ன செய்தோம், என்ன கெட்டது, ஏன் மாற்றினோம் என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். வைவாவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டு. முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போய், ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசிப் பாடம் அங்கே இருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சுமை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மதிப்பெண் தாளில் உங்களுக்கு இருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். ஓடாத மாடலோடு, அது ஏன் ஓடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லும் மாணவனுக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள். பளபளப்பான மாடலோடு வந்து, எதைத் தொட்டால் எது நகரும் என்று தெரியாமல் நிற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘யாருக்காகச் செய்தீர்கள்?’ இந்தக் கேள்வி ஒவ்வொரு வைவாவிலும் கட்டாயம் கேட்கப்படும் என்று தெரிந்தாலே புராஜெக்ட் சென்டர்களின் வியாபாரம் பாதி குறைந்துவிடும். கடையில் மாடல் கிடைக்கும், ரிப்போர்ட் கிடைக்கும். காத்திருக்கும் மனிதர் கிடைக்க மாட்டார்.

கல்வித் துறையிடம் கேட்பது இரண்டுதான். புராஜெக்டுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் பொருள் வாங்க ஒரு சிறு தொகை கொடுங்கள். அந்தக் காசில்லாத இடத்தில்தான் கடன் நுழைகிறது. புராஜெக்டை இரண்டு செமஸ்டர்களுக்குப் பரப்பி, முதல் செமஸ்டரை ஆளைப் பார்ப்பதற்கும் அளவெடுப்பதற்கும் மட்டுமே ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ‘புராஜெக்ட் வாங்கப் பணம் வேண்டும்’ என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ‘புராஜெக்ட் செய்யப் பொருள் வாங்க வேண்டும்’ என்று கேட்டால் முடிந்ததைக் கொடுங்கள். வைவா நாளில் கல்லூரி அனுமதித்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். மார்க் குறைந்ததால் சேர்த்துவிட்ட படிப்பு என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு தொழில்நுட்பர் உருவாகிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

கடைசியாக வாசகர்களாகிய உங்களுக்கு. பட்டறை வைத்திருக்கிறீர்களா? அரிசி ஆலை, செக்கு, அச்சகம், பேக்கரி, கோழிப் பண்ணை நடத்துகிறீர்களா? விவசாயம் செய்கிறீர்களா? மாற்றுத்திறனாளி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? பள்ளியிலோ ஊராட்சியிலோ பொறுப்பில் இருக்கிறீர்களா? உங்களை நாள்தோறும் தொல்லைப்படுத்தும் ஒரு சிறு வேலை கட்டாயம் இருக்கும். சந்தையில் அதற்கு இயந்திரம் இருக்காது, அல்லது உங்கள் கைக்கு எட்டாத விலையில் இருக்கும். அதை ஒரு தாளில் நாலு வரியில் எழுதி, அருகிலுள்ள பாலிடெக்னிக்கின் முதல்வரிடமோ ஐ.டி.ஐ.யின் முதல்வரிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். ஜூன் மாதத்திலேயே கொடுங்கள். பிள்ளைகள் தேடி வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாகப் பேசுங்கள். அவர்கள் செய்து கொண்டுவருவதில் குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். குறையைச் சொல்வதும் நீங்கள் அவர்களுக்குச் செய்யும் உதவிதான்.

எங்கள் முகவரிக்கு எழுதினாலும் சரி. உங்கள் தேவைகளைத் தொகுத்து, உங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைக்கும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அவற்றிலிருந்து உருவாகும் நல்ல புராஜெக்ட்களை, செய்த மாணவர்களின் ஒப்புதலோடும் படத்தோடும் இந்த இதழில் வெளியிடுவோம். மார்க் எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுத மாட்டோம். யாருக்காகச் செய்தார்கள், அவருக்கு அது பயன்பட்டதா என்று எழுதுவோம்.

தமிழ்நாட்டில் பட்டறை இல்லாத ஊரும் குறைவு, கஷ்டப்படும் கைகள் இல்லாத ஊரும் குறைவு. இரண்டுக்கும் நடுவே, செய்து பழக இடம் தேடிக்கொண்டு நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். கதவைத் திறந்து அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். உங்கள் கடிதங்களுக்குக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்